நாய் திரும்பிப் பார்க்கும்போது

வீட்டு நாயை வெளியே நடத்திச் செல்வது காலையும் மாலையும் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையாகத்தான் பல வீடுகளில் இருக்கிறது. மலஜலம் கழிக்க வைக்க வேண்டும், கால்களுக்குக் கொஞ்சம் அசைவு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நாயின் கணக்கு வேறு. நாள் முழுக்கச் சுவர்களுக்குள் இருக்கும் அதற்கு வெளியுலகம் என்பது அந்த அரை மணி அல்லது ஒரு மணி நேரம் மட்டுமே. அதன் பயமும் ஆவலும் கோபமும் வலியும் பெரும்பாலும் அப்போதுதான் உடம்பில் வெளிப்படையாகத் தெரியும். அவற்றைப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் ஒரு கையில் கயிறும் மறு கையில் செல்போனுமாக நடந்தால், நாய் சொன்ன எதுவும் யாரையும் சென்று சேராது. அந்த நடையில் விபத்து நேராமல் இருந்தால் அது அதிர்ஷ்டம்தான்.

நாய் நடக்கும்போது முதலில் வேலை செய்வது மூக்கு. மனித மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 50 லட்சம் என்றால், நாய்க்கு அது இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை போகும். மோப்பம் பிடிக்கும்போது நாய் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை காற்றை உறிஞ்சுகிறது. வெளிவிடும் மூச்சு மூக்குத் துளையின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போய்விடுவதால் உள்ளே வரும் வாசனை கலையாது. இது போக, மேலண்ணத்தின் அருகே ஜேக்கப்சன் உறுப்பு என்று ஒன்று உண்டு. மற்ற நாய்களின் சிறுநீரில் இருக்கும் ரசாயனச் செய்திகளைப் பிடிப்பது அதன் வேலை. ஒரு கம்பத்தடியில் ஆண் நாய் மோந்துவிட்டுப் பற்களை மெல்லக் கடகடவென்று அடித்தால், அல்லது நாக்கை மேலண்ணத்தில் தட்டினால், அந்த உறுப்புக்கு வாசனையை அனுப்புகிறது என்று பொருள்.

அமெரிக்க விலங்கு நடத்தையியலாளர் மார்க் பெக்காஃப் கொலராடோவின் போல்டர் நகரில் தன் நாய் ஜெத்ரோவை வைத்துச் செய்த சோதனை இதில் பெயர்பெற்றது. பனிக்காலங்களில் நடக்கும்போது, நாய்கள் சிறுநீர் கழித்து மஞ்சளாகிப்போன பனியை அள்ளி வேறு இடத்தில் வைத்துவிட்டு ஜெத்ரோ என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். இப்படி ஐந்து குளிர்காலங்கள். தன் சிறுநீர் கிடந்த இடத்தை ஜெத்ரோ அதிகம் பொருட்படுத்தவில்லை. மற்ற நாய்களுடையதை நின்று நிதானமாக மோந்தது. 2001-இல் வெளியான இந்த ஆய்வுக்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. நடையின்போது தன் நாயைக் கவனிப்பவர் ஒருவர் இருந்தார், அது போதுமாக இருந்தது.

மோப்பம் நாயின் மனநிலையையும் மாற்றுகிறது. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் நாய்களின் அறிவாற்றலை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸும் பிரெஞ்சு ஆய்வாளர் ஷார்லாட் டுரான்டனும் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சியும் மற்றதற்கு உரிமையாளரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். பின்னர், தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை வைத்தபோது, மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள் முன்பைவிட வேகமாக, நம்பிக்கையோடு அதை நோக்கிப் போயின. காலோடு ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே நாய் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ‘வா, வா’ என்று கயிற்றைச் சுண்டி இழுப்பவர், எதற்காக அதை வெளியே கூட்டி வந்தாரோ அதையே பறித்துக்கொள்கிறார். அதற்காக எல்லாவற்றையும் மோக்க விட வேண்டும் என்பதில்லை. மூக்கு தரையில் இருக்கும்போது கண் நாயின் வாயில் இருக்க வேண்டும். பிரியாணிக் கடை வாசலில் கிடக்கும் கோழி எலும்பு, எலிக்கு வைத்த மருந்து, கெட்டுப்போன சோறு எல்லாம் மோந்த அடுத்த நொடியில் விழுங்கப்படுபவை. வேகவைத்த எலும்பு கூராக உடைந்து தொண்டையையோ குடலையோ கிழிக்கக்கூடியது. நாய் தலையைத் திடீரென்று பக்கவாட்டில் திருப்பித் தாடையை இறுக்கிக்கொண்டால் வாயில் ஏதோ அகப்பட்டிருக்கிறது என்று அறியலாம்.

நடக்கும் நாய் அவ்வப்போது தலையைத் திருப்பிக் கூட வருபவரின் முகத்தைப் பார்க்கும். சாதாரணமாகத் தெரியும் இந்தப் பார்வை நாய் இனத்துக்கே உரிய ஒரு குணம். புடாபெஸ்டின் ஓட்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆடாம் மிக்லோஷியின் குழு 2003-இல், மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் நாய்களையும் ஒப்பிட்டது. திறக்க முடியாதபடி மூடப்பட்ட தீனியின் முன் விட்டபோது ஓநாய்கள் தாமே முட்டிமோதிக்கொண்டிருந்தன. நாய்கள் சீக்கிரமே திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதாகக் கண்டார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பில் பங்கெடுப்பதும் இதே ஹார்மோன்தான்.

திரும்பிப் பார்க்கும் நாய்க்குப் பதில் கிடைக்க வேண்டும். ஒரு சொல், ஒரு தலையசைப்பு, தொடக்க நாட்களில் ஒரு துண்டு தீனி, ஏதாவது ஒன்று. பலன் கிடைக்கும் பழக்கம் வளரும், கிடைக்காதது தேயும் என்பது விலங்குப் பயிற்சியின் அடிப்படை விதி. பத்து முறை திரும்பிப் பார்த்தும் போன் திரையின் வெளிச்சத்தில் குனிந்த முகத்தையே கண்ட நாய் பதினோராவது முறை திரும்பாது. பிறகு எதிரே பூனை ஓடும்போதோ, லாரி வரும்போதோ பெயர் சொல்லிக் கத்தினால் அது காதில் வாங்கவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. ‘என் நாய் சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்று பயிற்சியாளரிடம் வரும் புகார்களில் பாதியையாவது, முதலில் கேட்காமல் இருந்தது யார் என்ற கேள்வியோடுதான் விசாரிக்க வேண்டும்.

நாயின் உடல்மொழியில் வால் எல்லோருக்கும் தெரிந்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே அதிகம். வாலை ஆட்டுகிற நாய் கடிக்காது என்ற நம்பிக்கை பல கடிகளுக்குக் காரணம். வால் ஆடுவது உணர்ச்சி கிளர்ந்திருப்பதைக் காட்டும், அது எந்த உணர்ச்சி என்பதைச் சொல்லாது. விறைத்து உயர்ந்து, நுனி மட்டும் வேகமாகத் துடிக்கும் வால் எச்சரிக்கை. இடுப்பு முழுவதும் சேர்ந்து தளர்வாக ஆடினால் நட்பு. கால்களுக்கு நடுவே இடுங்கியிருந்தால் பயம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் இன்னொரு நுட்பத்தையும் கண்டுபிடித்தார்கள்: தன் உரிமையாளரைப் பார்க்கும் நாயின் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடுகிறது, அறிமுகமில்லாத, ஆதிக்கம் காட்டும் நாயைப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது. மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கையாள்வதன் விளைவு இது. தெருவில் போகிற போக்கில் இதைக் கண்டுகொள்வது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் பிரபலமாக்கிய ‘சாந்த சைகைகள்’ நடைமுறைக்கு இன்னும் உதவுபவை. பசியில்லாதபோது உதட்டை நக்குதல், தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுதல், எதிரே வருவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், தேவையில்லாமல் தரையை மோத்தல், நடையை மெதுவாக்குதல் ஆகியவை ‘எனக்கு இது பிடிக்கவில்லை, சண்டையும் வேண்டாம்’ என்று நாய் சொல்லும் வழிகள். இவற்றை யாரும் பொருட்படுத்தாவிட்டால் அடுத்த படி வரும்: கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும், முதுகு மயிர் சிலிர்க்கும், வாய் இறுக மூடிக்கொள்ளும், உடம்பு அசைவற்று உறையும். உறைதல் மிக ஆபத்தான கட்டம். உறுமலைக்கூட நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாம். அது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. உறுமியதற்காக அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. தெருவில் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் குழந்தைகளிடமும், ‘ஒன்றும் செய்யாதே?’ என்று கேட்டுக்கொண்டே தலையைத் தடவக் கை நீட்டும் பெரியவர்களிடமும் வேண்டாம் என்று சொல்வது நாயைப் பிடித்திருப்பவரின் வேலை. நாய் தனக்குத் தெரிந்த மொழியில் ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

தமிழ்நாட்டு ஊர்களில் வீட்டு நாயை வாக்கிங் கூட்டிப் போவதில் பெரிய சிக்கல் தெருநாய்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம் உண்டு. தெருமுனை, டீக்கடை, குப்பைத் தொட்டி என்று அவற்றுக்கு எல்லைகள் உண்டு. வெயில் நேரத்தில் காருக்கடியில் சுருண்டு கிடக்கும் அதே நாய்கள் விடியற்காலையிலும் இரவிலும் அந்த எல்லையைக் காக்கின்றன. கயிற்றில் வரும் வீட்டு நாய் அவற்றின் கண்ணுக்கு அத்துமீறி நுழைந்த அந்நியன். இந்த மோதல் குரைப்பில் தொடங்குவதில்லை. ஐம்பது அடிக்கு அப்பாலேயே ஒரு தெருநாய் எழுந்து நின்று தலையைத் தாழ்த்தி உற்றுப் பார்க்கும். வீட்டு நாயின் காதுகள் முன்னால் விறைக்கும், கயிறு மெல்ல இறுகும். அந்தக் கட்டத்தில் பார்த்துவிட்டால் எதிர்ப்பக்கம் மாறியோ, வந்த வழியே நிதானமாகத் திரும்பியோ, வளைந்து விலகியோ போய்விடலாம். நேருக்கு நேர் நடப்பதும் கண்ணுக்குக் கண் பார்ப்பதும் நாய்களின் வழக்கத்தில் சண்டைக்கு அழைப்பு. ஓடுவது அதைவிட மோசம்.

பலர் செய்யும் பிழை, தெருநாயைக் கண்டதும் கயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது. கழுத்தில் விழும் இறுக்கம் நாய்க்கு ‘ஆபத்து வருகிறது’ என்ற செய்தியாகப் போய்ச் சேர்கிறது. விலகிப் போகவும் இடமில்லாததால் அது முந்திக்கொண்டு குரைக்கிறது. கயிற்றில் இருக்கும்போது மட்டும் மற்ற நாய்களிடம் சீறும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றுகிறது. குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தாலே தெருநாய் பின்வாங்கும் என்பது ஊரறிந்த உத்தி. பல சமயம் பலிக்கவும் செய்யும். ஆனால் குனிந்த அந்த நேரத்தில் தன் நாய் எந்தப் பக்கம் பாய்கிறது என்பது தெரியாது. சின்ன நாயைத் தூக்கிக்கொள்வதானால் தூரத்திலேயே தூக்கிக்கொள்ள வேண்டும். நெருங்கிய பிறகு தூக்கினால் தெருநாய் எம்பும், கடி தூக்கியவர் மேல் விழும். கடிபட்டால் மனிதராக இருந்தால் புண்ணை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். நாயாக இருந்தால், முன்பே ஊசி போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கயிறும் பெல்ட்டும் கவனத்துக்குத் துணை. அதன் இடத்தை அவை நிரப்ப முடியாது. நகரத் தெருவுக்கு நான்கிலிருந்து ஆறு அடிக் கயிறு போதும். பொத்தானை அழுத்தினால் ஐந்து, எட்டு மீட்டர் வரை நீண்டு சுருளும் கயிறுகள் கடைகளில் கிடைக்கின்றன. ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் உரசிப்போகும் தெருவில் நாயை எட்டு மீட்டர் தூரத்தில் விட்டு நடப்பது அதைக் கட்டாமல் நடப்பதற்குச் சமம். சரேலென்று ஓடும் அதன் மெல்லிய நாடா விரலை அறுப்பதும் உண்டு. இழுக்கும் பழக்கமுள்ள நாய்க்குக் கழுத்துப் பெல்ட்டைவிட மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் நல்லது. நாய் கழுத்துப் பெல்ட்டை எதிர்த்து இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, ஹார்னஸில் கூடுவதில்லை என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கண் அழுத்த நோயுள்ள நாய்க்கும், பக் போன்ற முகம் தட்டையான நாய்க்கும் இது முக்கியம்.

நம் மண்ணின் நாய்களுக்குத் தனிக் கவனம் தேவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தி வேட்டையாடும் இனங்கள். மோந்துகொண்டிருக்கும் லாப்ரடார் அணிலைப் பார்த்துவிட்டு யோசிக்கும் நேரத்துக்குள் சிப்பிப்பாறை சாலையைக் கடந்திருக்கும். இவற்றின் தலை ஒடுங்கியது என்பதால் சாதாரண பெல்ட் தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். இழுக்கும்போது ஓரளவு மட்டும் இறுகும் ‘மார்ட்டிங்கேல்’ வகைப் பெல்ட்டு இவற்றுக்குப் பொருத்தம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாய் இனங்களுள் ஒன்றான ராஜபாளையத்துக்கு வேறொரு கவலை: வெள்ளை நிற ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. அப்படிப்பட்ட நாய்க்குப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பயனில்லை. அதன் பார்வையில் படும்படி நடந்து, கைச் சைகையால்தான் பேச வேண்டும்.

அடுத்து, காலடியில் இருக்கும் தரை. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 105-ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொண்டு நடவடிக்கையில் இறங்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் தார்ச்சாலை காற்றைவிட மிக அதிகமாகச் சூடாகி, செருப்பில்லாமல் மனிதர் நிற்க முடியாத அளவுக்குப் போகும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பார்த்து, வைக்க முடியாவிட்டால் நாயை இறக்கக் கூடாது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுவது உத்தமம். சூரியன் மறைந்த பிறகும் தார் உடனே ஆறிவிடாது. நிழலைத் தேடி இழுத்தல், கால்களை மாற்றி மாற்றித் தூக்குதல், எச்சில் கெட்டியாக ஒழுகுதல், ஈறும் நாக்கும் செக்கச் செவேலென்று ஆதல், தள்ளாடுதல் என்று இந்த வரிசையில் அபாயம் ஏறும். தள்ளாடும் நாயை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, அதன் பிறகு மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். முதலில் குளிரவைப்பது, பிறகு வண்டி. இந்த வரிசை மாறினால் வழியிலேயே உயிர் போகலாம். பக், புல்டாக், ஷிட்ஸூ போன்ற தட்டை மூக்கு நாய்கள் மற்றவற்றைவிட விரைவாக இந்த நிலைக்கு வந்துவிடும்.

மழைக்காலத்து அபாயம் வேறு வகை. தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். ஆண் நாய்கள் கால் தூக்க விரும்பி நாடும் மின்கம்பமும் தெருவோர மின்பெட்டியும் மழை நாளில் அண்டக் கூடாத இடங்கள். முதல் மழைக்கு வெளிவரும் தேரையை வாயில் கவ்வினால் அதன் தோல் நஞ்சால் நாய்க்கு நுரை தள்ளும். வாயை உடனே தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தீபாவளியை ஒட்டிய நாட்களில் ஒரு வெடிச் சத்தத்துக்கு வெருண்டு பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடித் தொலையும் நாய்கள் ஏராளம். அந்த வாரத்தில் வெளிச்சம் இருக்கும்போதே நடையை முடித்துவிடலாம்.

ஒரே நாயைத் தினமும் ஒரே தெருவில் கவனித்து நடப்பவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம், நோயை முன்கூட்டியே கண்டுகொள்வது. முன்னங்காலில் வலியிருக்கும் நாய், வலிக்கும் கால் தரையில் பதியும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் பதியும்போது தாழ்த்தும். ஜெர்மன் ஷெப்பர்டும் லாப்ரடாரும் பின்னங்கால்களை முயல்போல் சேர்த்துத் தாவத் தொடங்கினால் இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டும். வழக்கமாகச் சுற்றும் பாதையில் பாதியிலேயே உட்காரும் வயதான நாய், நடந்ததும் இருமும் நாய் ஆகியவற்றின் இதயத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கால் தூக்கி நெடுநேரம் நின்றும் சொட்டுச் சொட்டாகவே வந்தால் கல்லோ கிருமித் தொற்றோ இருக்கலாம். ஒன்றுமே வராவிட்டால் அது அன்றே போக வேண்டிய அவசரம். மலத்தை அள்ளும்போதும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. புழு, ரத்தம், நிறமாற்றம் எல்லாம் அங்கேதான் தெரியும். அள்ளாமல் விட்டுவிட்டு வருபவருக்கு இந்தத் தகவல் கிடைப்பதில்லை. ஊரார் சாபம் மட்டும் கிடைக்கும். வீடு திரும்பியதும் விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதோடு நடை முடிகிறது. உண்ணிக்காய்ச்சல் நம் தட்பவெப்பத்தில் ஆண்டு முழுவதும் வரக்கூடியது.

கவனக்குறைவின் விலையை எப்போதும் நாயும் அதன் உரிமையாளரும் மட்டுமே கொடுப்பதில்லை. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி போதிய எச்சரிக்கை எடுக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாயை நடத்தும் வேலை பெரும்பாலும் காவலாளியிடமோ, வீட்டு வேலைக்கு வருபவரிடமோ, பள்ளிப் பிள்ளையிடமோ போய்விடுகிறது. கூலிக்குச் செய்தாலும் அன்போடும் கூர்மையோடும் செய்பவர்கள் இருக்கிறார்கள். சில உரிமையாளர்களைவிட அவர்களையே நாய் அதிகம் திரும்பிப் பார்க்கும். ஆனால் எந்தத் தெருவில் எந்த நாய்க் கூட்டம், எந்தச் சத்தத்துக்கு இது பயப்படும், வாயில் எதையாவது கவ்வினால் எப்படி விடச் செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சில நாட்கள் கூடவே நடந்து காட்டிவிட்டுத்தான் கயிற்றை ஒப்படைக்க வேண்டும். முப்பது, முப்பத்தைந்து கிலோ நாயை இழுத்து நிறுத்த வலுவில்லாத பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து அனுப்புவதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் செல்லாது. அந்த வீடு ஒன்று நேரம் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாயை வளர்க்காமல் இருக்க வேண்டும்.